வாளியும் கடிகாரமும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், 1849ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு ரொட்டிக்கடை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பூடீன் என்பது அதன் பெயர். இன்று காலை அங்கே சுட்ட ரொட்டியிலும் 1849ஆம் ஆண்டுப் புளிமாவின் தொடர்ச்சி இருக்கிறது என்று அந்தக் கடையார் சொல்கிறார்கள். இடையில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. நகரமே எரிந்தது. கடை கைமாறியது. மாவு மட்டும் அறுபடவில்லை என்கிறார்கள்.

பயணம் போகிறவர்கள் கோயில் பார்க்கிறோம், கோட்டை பார்க்கிறோம், அருங்காட்சியகம் பார்க்கிறோம். அங்கெல்லாம் பழமை கண்ணெதிரே நிற்கிறது. கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், கல்வெட்டைப் படிக்கலாம். ஒரு ரொட்டிக்கடையில் எதைத் தொடுவது? கட்டடம் புதிது, அடுப்பு புதிது, மாவு இந்த ஆண்டு விளைந்த கோதுமையில் அரைத்தது, ரொட்டியோ இன்று காலை வெந்தது. அப்படியானால் அந்தக் கடையில் பழையது எது? இந்தக் கேள்வியோடுதான் நான் அங்கே போனேன். இன்றைய உரையும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமா என்ற இடத்தில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றுக்காக வாய்க்கால் வெட்டியபோது ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ணில் தங்கம் பட்டது. செய்தி பரவியதும் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. 1848இல் சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோவில், 1849 முடிவதற்குள் சுமார் 25,000 பேர் குவிந்துவிட்டார்கள். கூடாரங்களும் பலகை வீடுகளுமாக ஓர் ஊர். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சமைக்கத் தெரியாதவர்கள், அல்லது சமைக்க நேரமில்லாதவர்கள். மலையில் மண்ணைச் சலித்தவர்களில் சிலர் பணக்காரர்கள் ஆனார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் அத்தனை பேருக்கும் தினமும் பசித்தது. அந்தப் பசியை நம்பிக் கடை வைத்தவர்களில் ஒருவர் இசிடோர் பூடீன். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ரொட்டி சுடுவதையே தொழிலாகக் கொண்ட குடும்பம் அவருடையது.

அந்த நாளில் ரொட்டியை உப்பவைக்கப் பொட்டலத்தில் ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து மூடி வைத்தால், மாவிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாளில் பெருகும். மாவு பொங்கும், புளிக்கும். அதில் ஒரு பகுதியை எடுத்து வைத்துப் புதுமாவோடு சேர்த்தால் அதுவும் புளிக்கும். நம் வீட்டில் நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வழிதான். எடுத்து வைக்கும் அந்தப் பகுதியை அங்கே தாய்மாவு என்கிறார்கள். பிரான்சில் அப்படித்தான் செய்துவந்தார்கள். பூடீனும் அப்படியே செய்தார். அந்த ஊரில் அந்த மாவு அழுத்தமான புளிப்பும் தடித்த மொறுமொறு மேல்தோலும் கொண்ட ரொட்டியாக வந்தது. ஊராருக்கு அந்தப் புளிப்பு பிடித்துப்போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1868 வாக்கில் சின்சினாட்டி நகரத்தில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திக் கட்டியாக்கிய ஈஸ்டைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்த ஈஸ்டில் சுட்ட ரொட்டியை மக்கள் ருசி பார்த்தார்கள். பிறகு நாடு முழுவதும் அது பரவியது. அதற்கு வலுவான காரணம் உண்டு. புளிமாவு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் வேலையைக் கட்டி ஈஸ்ட் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி முடிக்கும். அடுப்புக்கு முன்னால் இரவெல்லாம் கண்விழிக்கும் தொழிலாளிக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள். புளிமாவைக் கைவிட்ட கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் பிரெஞ்சு, பாஸ்க், இத்தாலிய ரொட்டிக் கடைகள் பல அதைக் கைவிடவில்லை. எளிய வழி எதிரிலேயே இருந்தும் கடினமான வழியில் தொடர்ந்து நடந்தார்கள். பழமை தானாகவே மிஞ்சி நிற்பதில்லை. விட்டுவிடலாம் என்ற வாய்ப்பு வந்தபோதும் விடாதவர்கள் இருந்ததால்தான் அது மிஞ்சுகிறது.

அடுத்து 1906.

ஏப்ரல் 18, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சான் பிரான்சிஸ்கோ குலுங்கியது. குலுங்கியதில் விழுந்ததைவிட, அதற்குப் பின் மூன்று நாளுக்கு மேல் எரிந்த தீயில் அழிந்தது அதிகம். தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயணைப்பவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். தீ பரவாமல் தடுக்க வெடி வைத்துக் கட்டடங்களைத் தகர்த்தார்கள். சுமார் 28,000 கட்டடங்கள் போயின. இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். நாலு லட்சம் மக்களில் பாதிக்கு மேல் வீடிழந்தார்கள்.

அப்போது இசிடோர் உயிரோடு இல்லை. அவர் மனைவி லூயீஸ் பூடீன்தான் கடையை நடத்திவந்தார். நெருப்பு நெருங்கியபோது தாய்மாவில் ஒரு பகுதியை ஒரு மர வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வெளியேறினார் என்பது கடையின் வரலாறு. கடைக்குப் போகிற எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. சுவரில் அது இருக்கிறது. வழிகாட்டும் நூல்களில் இருக்கிறது. பணப்பெட்டியையும் நகையையும் தேடும் நேரத்தில் ஒரு பெண் மாவைத் தேடினார் என்பது உள்ளத்தைத் தொடும் செய்தி. கணவரை இழந்தபின் அத்தனை ஆண்டுகள் ஒரு கடையைக் கட்டிக்காத்த அந்த அம்மையாருக்கு எது தன் முதல் என்று ஐயமே இருந்திருக்காது. அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் அந்தக் கதை வாளியோடு முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஓடச் சில நிமிடம் போதும். அதற்குப் பிறகு? தாய்மாவு பசித்திருக்கும் பொருள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் போனால் அதிலுள்ள உணவு தீர்ந்துவிடும். புளிப்பு ஏறிக்கொண்டே போகும். மேலும் சில நாள் விட்டால் உயிர் ஒடுங்கிவிடும். அந்த வாரத்துச் சான் பிரான்சிஸ்கோவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் அடுப்பு மூட்டவே தடை. புகைபோக்கிகளைச் சோதித்து அனுமதி தரும்வரை மக்கள் தெருவோரத்தில் கல்லையும் பலகையையும் அடுக்கித்தான் சமைத்தார்கள். ரொட்டி வாங்க நீண்ட வரிசைகள். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. அப்படிப்பட்ட நாளில் யாரோ ஒருவர் அந்த வாளிக்கு மாவும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். மறுநாளும் கொடுத்திருக்கிறார். அதற்கு மறுநாளும். மனிதருக்கே மாவு போதாத ஊரில், நாளைய ரொட்டிக்காக இன்றைய மாவில் ஒரு பிடியை ஒதுக்கியிருக்கிறார். அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

கடை பிறகு ஜியரி தெருவும் பத்தாவது அவென்யூவும் சேரும் முனைக்குப் போனது. தீ எட்டாத மேற்குப் பகுதி அது. வீடிழந்தவர்கள் கூடாரம் போட்டிருந்த கோல்டன் கேட் பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரம். 1941இல் பூடீன் குடும்பத்திடமிருந்து கடையை வாங்கியவர் ஸ்டீவ் ஜிராடோ. இத்தாலியில் பிறந்தவர். அந்தக் கடையிலேயே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர். மாவைப் பிசைந்த கைக்கே மாவு உரிமையாயிற்று. வாளிக் கதைக்குச் சமமாக இதையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் தொடர்ச்சி என்பது இப்படித்தான் கைமாறுகிறது. இரத்த உறவு இல்லாத ஒருவர், வேலையாளாக உள்ளே வந்து, வேலையின் வழியாகவே வாரிசாகிறார்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பூடீனின் பெரிய கடை இப்போது ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் என்ற கடற்கரைப் பகுதியில், ஜெஃபர்சன் தெருவில் இருக்கிறது. 2005இல் திறந்தது. மீன்பிடித் துறையாக இருந்த இடம் இன்று பெரும்பாலும் சுற்றுலாத் துறை. நண்டு வேகும் ஆவி, கடற்பறவைகளின் சத்தம், கொஞ்சம் தள்ளிப் போனால் பியர் 39 துறையில் படுத்துக் கத்தும் கடற்சிங்கங்கள். இவை எல்லாவற்றையும் மீறி ஓரிடத்தில் ரொட்டி வேகும் வாசனை வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் கடை.

தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி சுடுபவர்கள் வேலை செய்கிறார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலை, ஆமை, நண்டு என்று உருவம் பிடித்து ரொட்டி செய்கிறார்கள். முதலையின் முதுகில் கத்தரியால் வெட்டி வெட்டிச் செதில் எழுப்புகிறார் ஒருவர். கடைக்குள்ளே தலைக்கு மேல் கம்பித் தடத்தில் கூடைகள் ரொட்டியைச் சுமந்துகொண்டு நகர்கின்றன. மாடியில் ஒரு சிறிய காட்சியகம். அங்கிருந்து கீழே வேலை நடக்கும் கூடத்தைப் பார்க்கலாம். கீழே கூட்டம் முண்டியடிப்பது எல்லாம் ஒரு பண்டத்துக்காக. உருண்டை ரொட்டியின் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டு, அதற்குள் கிளாம் என்ற சிப்பியின் சதை போட்ட கெட்டியான வெண்ணிறச் சூப்பை ஊற்றித் தருகிறார்கள். சூப் தீர்ந்ததும் கிண்ணத்தையும் சாப்பிடலாம்.

இதையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான வித்தை என்று ஒதுக்கும் உணவுப் பிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூப் வாங்க வருகிறவர் கொடுக்கும் பணத்தில்தான் தாய்மாவுக்கு அடுத்த வேளை மாவு கிடைக்கிறது. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது. பாரிசியன் என்ற ரொட்டிக்கடை 1856இல் தொடங்கியது. பூடீனுக்கு ஏழு வயதுதான் இளையது. 2005இல் அதன் சான் பிரான்சிஸ்கோ ஆலை மூடப்பட்டது. அப்போது அது நாடு முழுவதும் ரொட்டி விற்ற ஒரு பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கையில் இருந்தது. லாராபுரு என்ற இன்னொரு கடை 1896இல் தொடங்கி 1976இல் நின்றது. இன்றைக்கும் பழைய ஊர்க்காரர்கள் லாராபுரு ரொட்டி போல வராது என்று ஏங்குகிறார்கள். பாரிசியனின் கதவை மூடியது கணக்குப் புத்தகம். உள்ளே இருந்த மாவின் நுண்ணுயிர்களுக்குக் கடன் பத்திரம் தெரியாது. கதவு சாத்திய அன்றும் அவை புளித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

காட்சியகத்தில் எல்லோரும் 1906ஐப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கண் கீழே வேலை நடந்த கூடத்தைவிட்டு அகலவில்லை. மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறார்கள். வெட்டுகிறார்கள், நிறுக்கிறார்கள், உருட்டுகிறார்கள், அடுக்குகிறார்கள். யாரும் அவசரப்படவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் சற்றைக்கொருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் தேடிப் போன பழமை அந்தப் பார்வையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க உங்களை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் எதிர்க்கரையில் ஆல்பனி என்ற ஊரில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் இருக்கிறது. 1960களின் இறுதியில் அங்கே லியோ கிளைன், சுகிஹாரா என்ற இரண்டு அறிவியலாளர்கள் இந்த ரொட்டியை ஆராயத் தொடங்கினார்கள். அதுவரை ஊரார் சொன்ன விளக்கம், இது மூடுபனியின் வேலை என்பது. கோடைக் காலத்திலும் பசிபிக் கடலிலிருந்து எழுந்து நகரத்தைப் போர்த்தும் பனிமூட்டம்தான் அந்தப் புளிப்பைத் தருகிறது. வேறெங்கும் அது வராது என்றார்கள். ஆய்வாளர்கள் நகரத்தின் ஐந்து ரொட்டிக் கடைகளிலிருந்து மாவு வாங்கி வந்து உள்ளே இருப்பவற்றைப் பிரித்தார்கள்.

ஈஸ்ட் கிடைத்தது. ஆனால் கடையில் கட்டியாக விற்கும் ஈஸ்டின் இனம் அல்ல. இந்த ஈஸ்டுக்கு ஒரு வினோதக் குணம்: மால்டோஸ் என்ற சர்க்கரையை இதனால் உண்ண முடியாது. மாவில் உள்ள ஸ்டார்ச் உடையும்போது முக்கியமாக வெளிவருவதே மால்டோஸ்தான். சோற்றுப் பானைக்குள்ளேயே வாழ்ந்தும் சோறு உண்ணாத உயிர் இது. ரொட்டியை உப்பவைப்பது இந்த ஈஸ்ட் என்பது தெரிந்தது. ஆனால் புளிக்கவைப்பது எது? அதற்குரிய பாக்டீரியா அகப்படவே இல்லை. ஆய்வகத்தில் வழக்கமாக வைக்கும் ஊட்டக் கரைசல்களில் அது வளர மறுத்தது. கடைசியில் அதற்குத் தேவைப்பட்டது எது தெரியுமா? அதே மால்டோஸ், அதோடு புதிதாக எடுத்த ஈஸ்டின் சாறு. மாவில் அது வாழும் வாழ்க்கையை அப்படியே கண்ணாடித் தட்டில் அமைத்துக் கொடுத்தபிறகுதான் வளர்ந்தது. அதுவரை அறிவியல் பெயரிட்டிராத புதிய உயிர். 1971இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதற்கு அந்த நகரத்தின் பெயரையே சூட்டினார்கள். வகைப்பாடு பலமுறை மாறி, இன்று அதன் பெயர் ஃபிரக்டிலாக்டோபேசில்லஸ் சான்ஃபிரான்சிசென்சிஸ்.

இந்த இரண்டு உயிர்களின் கூட்டு வாழ்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. பாக்டீரியா மால்டோஸை உண்கிறது. ஈஸ்ட் அதைத் தொடுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் உணவில் போட்டி இல்லை. மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த ஒன்று. பாக்டீரியா அதைப் பிளக்கும்போது குளுக்கோஸில் ஒரு பங்கு வெளியே வருகிறது. அது ஈஸ்டுக்கு உணவாகிறது. பாக்டீரியா லாக்டிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் சுரக்கிறது. அந்தப் புளிப்பில் மற்றக் கிருமிகள் தாக்குப்பிடிப்பதில்லை. சாதாரண ரொட்டி ஈஸ்டுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. இந்த ஈஸ்டோ அதைத் தாங்கும். எண்ணிக்கையில் ஒரு ஈஸ்ட் செல்லுக்கு நூறு அளவில் பாக்டீரியா. இப்படி ஒன்றையொன்று தாங்கி, வேறு எதையும் உள்ளே விடாமல், நிலையான ஒரு குடித்தனம்.

மூடுபனிக் கதை என்ன ஆயிற்று? பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில், பழைய முறையில் தொடர்ந்து பேணிவரும் புளிமாவுகளில் அதே பாக்டீரியா கிடைத்தது. ஜெர்மனியின் ரை என்ற தானிய ரொட்டி மாவில் இருந்தது, இத்தாலியில் இருந்தது. நகரத்தின் பெயரைத் தாங்கிய உயிர் நகரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு நான்கு கண்டங்களிலிருந்து 500 புளிமாவுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. உள்ளே எந்த உயிர்கள் இருக்கும் என்பதை ஊர் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை என்று அது கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பல நாட்டு ரொட்டி சுடுபவர்களுக்கு ஒரே மாவை அனுப்பிப் புளிக்கவைக்கச் சொன்னார்கள்; பிறகு பெல்ஜியத்தில் ஓரிடத்தில் கூட்டி அவர்கள் கைகளையும் சோதித்தார்கள். புளிமாவில் வாழும் அதே பாக்டீரியா இனங்கள் அவர்கள் கைகளில் மிகுதியாக இருந்தன. மற்ற மனிதர் கைகளில் அவ்வளவு காண்பதில்லை. பல்லாண்டு மாவு பிசைந்தவரின் தோலிலேயே அந்தத் தொழில் குடியேறிவிடுகிறது.

காற்றும் பனியும் இல்லையென்றால் அந்தக் குடித்தனத்தை நிலைநிறுத்துவது எது? விடை, கிளைனும் சுகிஹாராவும் குறித்துவைத்த செய்முறையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பழைய மாவு 100 பங்குக்குப் புதுமாவு 100 பங்கு, தண்ணீர் ஏறக்குறைய 50 பங்கு. வெப்பம் 27 டிகிரி. மறுபடி எட்டு மணி நேரம். மறுபடி அதே. ரொட்டிக்கு வேண்டியதை இதிலிருந்து எடுத்துப் பிசைந்து உருட்டியபின் மேலும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பொங்கவிட்டுச் சுட வேண்டும். இந்த இடைவெளியும் இந்த வெப்பமும் மாறாத வரையில் அந்த இரண்டு உயிர்கள் நிலைத்திருக்கும். வேளை தவறினால் புளிப்பு முற்றும், வெப்பம் ஏறினால் வேறு இனங்கள் தலையெடுக்கும், குடித்தனம் கலையும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 250 பங்கு மாவில் பழையது 100 பங்கு. அதாவது ஐந்தில் இரண்டு. அடுத்த முறை அந்த ஐந்தில் இரண்டில் ஐந்தில் இரண்டு. இப்படிப் பத்து முறை புதுப்பித்தால் தொடக்கத்தில் இருந்த மாவில் மிஞ்சுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்து முறைக்கு ஆகும் காலம் 80 மணி நேரம், மூன்று நாளுக்குச் சற்று மேல். ஒரு திங்கட்கிழமை காலையில் இருந்த மாவு வெள்ளிக்கிழமைக்குள் அநேகமாக முழுதும் போய்விடும். 1849இன் மாவில் ஒரு துகள்கூட இன்றைய ரொட்டியில் இருக்க வழியில்லை. உயிர்களும் அப்படியே, எண்ண முடியாத தலைமுறைகள் கடந்துவிட்டன.

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இது: அந்தக் கடையில் பழையது வேளை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவு கொடுப்பது என்ற ஒழுங்கு. மூன்று வேளை என்று வைத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். 1849 முதல் கணக்கிட்டால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். போர் நாளிலும், பண்டிகை நாளிலும், உரிமையாளர் மாறிய நாளிலும், நகரம் எரிந்த வாரத்திலும் அந்த வேளையை யாரோ ஒருவர் காத்திருக்கிறார். பழமையான கட்டடத்தைக் காப்பவர் ஓராண்டு தவறினாலும் மறு ஆண்டு செப்பனிடலாம். புளிமாவைக் காப்பவருக்கு ஒரு வாரம்கூடக் கிடையாது.

அந்த யாரோ ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு அரைகுறை. ரொட்டித் தொழில் இரவுத் தொழில். காலையில் மேசைக்கு ரொட்டி வர வேண்டுமென்றால் ஒருவர் நள்ளிரவில் எழ வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் பல ரொட்டிக் கூடங்கள் காற்றோட்டமில்லாத நிலவறைகளில் இருந்தன. தொழிலாளிகள் அங்கேயே படுத்துறங்கினார்கள். நியூயார்க் மாநிலம் 1895இல் ஒரு சட்டம் இயற்றியது: ரொட்டித் தொழிலாளியை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது. 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்த வரம்பைச் செல்லாதென்று தள்ளியது. முதலாளியும் தொழிலாளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அரசு தலையிடுகிறது என்பது காரணம். லாக்னர் வழக்கு என்று சட்டம் படித்த நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு ஓராண்டு முந்தைய தீர்ப்பு அது. வாளியைத் தூக்கி வந்த காலத்தில் ரொட்டி சுடுபவரின் நேரத்துக்கு மதிப்பு அவ்வளவுதான். புளிமாவுக்கு வேளை தவறாமல் மாவு கொடுத்தவர்களின் உறக்கத்துக்கு யாரும் வேளை குறிக்கவில்லை. மரபுணவைப் போற்றும் நாம் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய வாளி இல்லாமலே இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும். அதற்கும் அதே வளைகுடாவில் சான்று உண்டு. பெர்க்லியில் ஸ்டீவ் சல்லிவன் 1983இல் தொடங்கிய ஏக்மி ரொட்டிக்கடை, திராட்சைப் பழத்தைச் சேர்த்துப் புதிதாகப் புளிக்கவைத்த மாவில் பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் சாட் ராபர்ட்சனும் எலிசபெத் பிரூயட்டும் 2002இல் திறந்த டார்ட்டீன் கடையில், மாவு அதிகம் புளிப்பதற்கு முன்பே, இளம் பருவத்தில் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்த ரொட்டியில் புளிப்பு மென்மை. உள்ளே பெரிய பெரிய கண்கள். மேல்தோல் கருகும் எல்லைவரை வெந்தது. ஊரின் பழைய ருசிக்குப் பழகியவர்கள் இது எங்கள் ரொட்டியே இல்லை என்பார்கள். எனக்கு இரண்டும் பிடித்திருந்தன. இரண்டு கடைக்கும் ஒரே விதி: வேளைக்கு மாவு, வேளைக்கு வெப்பம், கண்விழித்திருக்கும் ஒருவர்.

கடைசியாக, இந்த அவையில் பலருடைய பிள்ளைகள் கலிபோர்னியாவில் வேலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு நாள் கட்டாயம் அழைத்துப் போவார்கள். ஃபிஷர்மன்ஸ் வார்ஃபுக்குப் போனால் காலையிலேயே போங்கள். மதியத்துக்குமேல் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் நின்று, முதலை செய்பவரை மட்டும் பார்க்காமல் பின்னால் மாவுத் தட்டுகளை அடுக்குபவரையும் பாருங்கள். சைவ உணவுக்காரர்கள் சிப்பிச் சூப்பைத் தேடிப் போக வேண்டாம். ஒன்றும் சேர்க்காத சாதா உருண்டை ரொட்டி ஒன்று வாங்குங்கள். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, அதோடு அந்தப் புளிப்பு, அவ்வளவே அதில் உண்டு. சூடாக இருக்கும்போதே வெட்டாதீர்கள். உள்பகுதி பிசுபிசுக்கும், ஆறியபின்தான் புளிப்பு முழுதாகத் தெரியும். முதல் துண்டை வெண்ணெயோ ஜாமோ தடவாமல் வெறுமனே மென்று பாருங்கள். மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும். காகிதப் பையிலோ துணியிலோ சுற்றி வெளியிலேயே வைக்கலாம். புளிப்பு இருப்பதால் சாதாரண ரொட்டியைப்போல அவ்வளவு விரைவில் பூஞ்சை பிடிக்காது. மறுநாள் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினால் தோல் மறுபடி மொறுமொறுப்பாகும்.